டிக்கிக்குள் படுத்துக் கேட்டவர்

சத்தம் போடுகிற வண்டியை யாசீன் ஓட்டிப் பார்க்க மாட்டார். அதற்குள் படுத்துப் பார்ப்பார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையை ஒட்டி இருந்த அவருடைய ஷெட்டைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்வார்கள். ஏழெட்டு வருஷமாக அவரிடமே வண்டி விடுகிறவர்கள் ஒரு மாதிரி சொல்வார்கள். முதல் தடவை போனபோதே அவர் டிக்கியைத் திறந்து உள்ளே ஏறிப் படுத்து, “மூடுங்க” என்று சொன்னதைப் பார்த்து மிரண்டு திரும்பியவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஏசுபாதம் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் சேர்ந்திருப்பான். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை, அதனால் சேரவில்லை.

2006 ஆகஸ்ட் மாதம். ஏசுபாதத்தின் அப்பா அந்தோணிசாமி, சேலையூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் நான்கு பேரைக் காலையில் ஏற்றிக்கொண்டு, கேளம்பாக்கம் பக்கத்தில் இருந்த ஒரு கம்பெனியில் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். பெரிய டிக்கி வைத்த பழைய வெள்ளை டீசல் வண்டி. அந்தோணிசாமிக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்தேழு வருஷம் ஸ்டியரிங் பிடித்தே போயிருந்தது. வாடகைக்கு ஓட்டி ஓட்டி, கடைசியில் சொந்தமாக வாங்கிய ஒரே வண்டி இதுதான். அந்த வண்டி ஓடித்தான் ஏசுபாதம் பி.இ. மெக்கானிக்கல் முடித்தான். அவர்கள் குடும்பத்தில் பட்டம் என்று வாங்கிய முதல் ஆள் அவன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், வருகிற பொருளை அளந்து பார்த்துச் சரி, தப்பு என்று முத்திரை வைக்கிற வேலை கிடைத்திருந்தது.

ஜூலையிலேயே புகார் ஆரம்பித்துவிட்டது. வண்டியில் ஒரு உறுமல் வருகிறது, வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது என்று பின்சீட்டில் வந்த இரண்டு பேர் கம்பெனியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தோணிசாமியைக் கேட்டால், “சத்தமா? ஒண்ணும் இல்லையே” என்றார். சைலன்சர் கட்டைப் பார்த்தார்கள், டயர்களை இடம் மாற்றினார்கள், இன்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார்கள். ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸையே இறக்கி ஏற்றினார். இன்னொருவர், “வண்டில ஒரு பேஜாரும் இல்ல. ஏசி பஸ்ல போய்ப் பழகினவங்களுக்கு எல்லாமே சத்தமாத்தான் கீது” என்று அனுப்பிவிட்டார். ஏசுபாதமே ஒரு விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் எழுபதில் ஓட்டிப் பார்த்தான். கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். அவனுக்கும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு வேறு புகார் வந்தது. வண்டி தினமும் பத்து, பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வருகிறது. சத்தப் புகார் கொஞ்ச நாள் ஓய்ந்து, ஒரு புதன்கிழமை மறுபடி முளைத்தது. ஒருவருக்கு முக்கியமான மீட்டிங், “கொஞ்சம் மிதிங்கண்ணா” என்று அவசரப்படுத்திய நாள் அது.

கம்பெனியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்ரமணியன் ஏசுபாதத்தைப் போனில் கூப்பிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர்.

“தம்பி, நாலு பேர் கேட்டோம்னு சொல்றாங்க. ஓட்டறவர் ஒருத்தர்தான் இல்லைங்கறார். ஸ்பீடும் குறைஞ்சிருக்கு. காதோ கண்ணோ, ஏதோ ஒண்ணு. நான் தப்பா சொல்லல. வண்டி உங்களோடதே ஓடட்டும். திங்கட்கிழமைல இருந்து டிரைவரை மட்டும் மாத்திடுங்க.”

“சரி சார்” என்றான் ஏசுபாதம்.

அந்தச் சரியை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. தான் தனியாக ஓட்டியபோது சத்தம் வரவில்லைதான். ஆனால் அவர்கள் கேட்ட அதே நேரத்தில் அப்பாவும் அதே வண்டிக்குள்தானே இருந்தார்? அவர் காதில் மட்டும் ஏன் விழவில்லை? அளந்து பார்த்து முத்திரை வைக்கிறவனுக்கு இந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. குன்றத்தூரில் வேதாசலம் என்று ஒரு டிரைவர் இருந்தார். திங்கட்கிழமை ஐந்தரைக்கு வந்துவிடச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு இரண்டு நாள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டான். கடைசி முயற்சி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சனிக்கிழமை யாசீனின் ஷெட்டுக்குப் போனான். அது முயற்சிதானா, செய்ததற்கு ஒரு சமாதானமா என்பது அவனுக்கே தெளிவாக இல்லை.

யாசீன் ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. பேசியது அவர் மனைவி ஷரீஃபா. ஷெட்டின் முகப்பில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு நீள நோட்டு. அந்த நோட்டில் ஏறாமல் எந்த வண்டியும் உள்ளே போக முடியாது.

“சத்தம் எப்படி வருது? வாயால செஞ்சு காட்டுங்க தம்பி.”

“நான் கேக்கலக்கா. உறுமற மாதிரின்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“வண்டில வர்றவங்க.”

“எங்க உக்காந்து கேட்டாங்க?”

“பின்சீட்டுல.”

“நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?”

“எழுபதுல போய்ப் பாத்தேன்.”

“எத்தினி பேரு இருந்தீங்க?”

“நான் மட்டும்தான்.”

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். “நாலு பேரை ஏத்திகினு போம்போது கேக்குதுன்னு சொல்றாங்க. நீங்க ஒரு ஆளாப் போயி இல்லங்கறீங்க. இன்ஜினியருக்குப் படிச்சவங்கன்னு சொன்னாங்களே.”

வேனுக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “ஏ, சும்மா இரு. நாளைக்கு வண்டிய எடுத்துகினு வாங்க தம்பி. ஆனா நீங்க ஓட்டக் கூடாது. தினம் யாரு ஓட்டறாங்களோ அவங்கதான் ஓட்டணும்.”

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மறுநாள் காலையில் ஷரீஃபாவே சொன்னார். யாசீன் பத்தாவதோடு படிப்பை விட்டவர். இருபத்தெட்டு வயது வரை அவர் கை தொட்டதெல்லாம் சீலிங் ஃபேனும் கிரைண்டரும்தான். அவருடைய அப்பா பக்கீர் முகமது மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலைப் பக்கம் ஒரு ரிப்பேர் கடை வைத்திருந்தார். சத்தம் போடுகிறது என்று கொண்டுவருகிற ஃபேன் கடையில் மாட்டினால் சத்தம் போடாது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினால் மறுபடி ஆரம்பிக்கும். திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள். ஒருநாள் யாசீன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனார். எப்போதும் எங்கே படுப்பார்களோ அங்கேயே பாயைப் போடச் சொல்லி, படுத்து, அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டார். ஆள் தூங்கிவிட்டார் என்று வீட்டுக்காரம்மா தட்டி எழுப்பப் போனபோது, “ஃபேன் இல்லம்மா, கொக்கி” என்றாராம். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வழிதான். சத்தம் எங்கே கேட்டதோ அங்கே, கேட்டவர் எப்படி இருந்தாரோ அப்படி. மாமனாரின் கார் ஷெட்டுக்கு மாறி வந்த பிறகும் வழியை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, வெள்ளை வேட்டியிலேயே அந்தோணிசாமி வண்டியை எடுத்தார். சத்தத்தைத் தேடப் போகிறோம் என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை.

“இல்லாத சத்தத்துக்கு இத்தினி பேரா?” என்றார்.

“இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன் அண்ணே” என்றார் யாசீன். முப்பத்தாறு வயது. குச்சி மாதிரி உடம்பு, நீண்ட கைகள்.

தாம்பரத்துக்குள் அறுபதைத் தொட இடமே இல்லை. அதனால் வண்டலூர் போய் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தார்கள். அந்த வேளையில் சாலை காலியாக இருந்தது. யாசீன் முதலில் பின்சீட்டில் இடது ஓரம் உட்கார்ந்தார், அப்புறம் வலது ஓரம். கொளப்பாக்கம் தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி டிக்கியில் ஏறிப் படுத்துக்கொண்டார். ஏசுபாதம் மூடிவிட்டு முன்சீட்டுக்கு வந்தான். வண்டி ஐம்பது, அறுபது, எழுபது என்று வெண்ணெய் மாதிரி போயிற்று. அந்தோணிசாமி மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டினார்.

மாம்பாக்கத்தில் டிக்கியைத் திறந்தபோது யாசீன் வியர்த்துக் குளித்திருந்தார்.

“வாயே திறக்க மாட்டேங்குது” என்றார். “நாம மூணு பேரும் ஒல்லி. பின்னாடி எடை வேணும்.”

பஸ் நிறுத்தத்தில் மூன்று பெண்கள் கீரைக்கட்டும் கத்திரிக்காயுமாகக் கூடைகளோடு நின்றிருந்தார்கள். மூன்று பேருமே கனத்த உடம்பு. யாசீன் போய்ப் பேசினார். கேளம்பாக்கம் வரை சும்மாவே கொண்டுபோய் விடுகிறோம் என்றதும் அவர்களில் மூத்தவர், பொன்னியம்மாள் என்று பெயர், வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“சும்மாவா? இன்னா பா விசயம்?”

“வண்டில சத்தம் வருதான்னு கேக்கணும்மா. நீங்க உக்காந்தா போதும்.”

“உக்காருறதுக்கு எங்களைக் கூப்ட்டவன் நீதான்யா மொத ஆளு” என்று ஏறி உட்கார்ந்தார். கூடைகள் மடியில் ஏறின. வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்தது. யாசீன் டிக்கிக்குள் போவதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. “இன்னாயா இது, ஆளைப் போட்டு மூடிகினு போறீங்க? போலீசு புடிச்சா நாங்க கீரைக்காரிங்கோ, எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது.”

“நான் உயிரோடதான் கீறேன்மா” என்று சீட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அண்ணனை அறுபதுல நிறுத்தி ஓட்டச் சொல்லுங்க.”

“அறுபதுல நிறுத்தி ஓட்டணுமாம் பா” என்று பொன்னியம்மாள் சத்தமாக ஒப்பித்தார்.

அப்போதுதான் ஏசுபாதம் அதைப் பார்த்தான்.

அவன் கண் ஸ்பீடோமீட்டரில் இருந்தது. ஊசி நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. ஐம்பத்தைந்தைத் தொட்டதும் நின்றது. மெதுவாக இறங்கி நாற்பத்தெட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. சாலையில் எதிரே யாருமில்லை. மேடில்லை, பள்ளமில்லை.

“அப்பா, அறுபது.”

“அறுபதுலதான் போய்கினு கீறேன்.”

மறுபடி ஊசி ஏறியது. ஐம்பத்தைந்து. இந்தத் தடவை ஏசுபாதம் கீழே குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தான். செருப்பில்லாத வலது கால். ஐம்பத்தைந்தைத் தொட்ட அந்த நொடியில் அது ஆக்சிலேட்டரிலிருந்து தானாகவே எழுந்தது. சுடுகிற பாத்திரத்திலிருந்து கை விலகுகிற மாதிரி. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு, மாம்பாக்கத்தில் கத்திரிக்காய் நன்றாக விளைகிறது என்று பொன்னியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரம் முன்னால் இதே கால், இதே சாலையில், பின்சீட்டு காலியாக இருந்தபோது, எழுபது வரை அழுத்தியது.

தாமதமும் சத்தமும் இரண்டு புகார் என்று ஏசுபாதம் எண்ணியிருந்தான். இரண்டையும் கூட்டி அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று விடை போட்டிருந்தான். இரண்டும் ஒன்றுதான். அந்த உறுமல் ஐம்பத்தைந்தில் ஆரம்பிக்கிறது. ஆள் ஏறியிருந்தால்தான் ஆரம்பிக்கிறது. அது ஆரம்பிக்கிற இடத்துக்கு அவர் வண்டியைப் போகவே விடவில்லை. யாரோ மிதிக்கச் சொன்ன அந்தப் புதன்கிழமை மட்டும் விட்டிருக்கிறார். மூன்று வாரமாக வண்டிக்கு வலிக்காமல் ஓட்டியிருக்கிறார், அது அவருக்கே தெரியாமல்.

டிக்கியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. “அண்ணே, உங்களுக்கு வேணாம்னாலும் மிதிங்க. நான் சொல்றேன், மிதிங்க.”

அந்தோணிசாமி உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அறுபது. அறுபத்தைந்து. அடியிலிருந்து அது எழுந்து வந்தது. கிணற்றுக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல, தாழ்ந்து, ஒரே சீராக. வேகத்தோடு சேர்ந்து ஏறியது. கூடைகூட அதிர்ந்தது.

“இன்னா பா, வண்டி முனகுது” என்றார் பொன்னியம்மாள்.

“நியூட்ரல்” என்றது பின்குரல். அந்தோணிசாமி கியரை எடுத்தார். இன்ஜின் சத்தம் அடங்கிப் போயிற்று. முனகல் போகவில்லை, உருளும் வண்டியோடு கூடவே வந்தது. இன்ஜினும் இல்லை. புதுப்பாக்கத்துக்கு முன்னால் புதிதாகத் தார் போட்ட இடம் வந்தது. டயரின் இரைச்சல் சட்டென்று மெலிந்தது, முனகல் கொஞ்சமும் மாறவில்லை. டயரும் இல்லை. ஏசுபாதம் இதையெல்லாம் பாடமாகப் படித்திருந்தான். சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, குண்டுகளை நிழல் போட்டு, முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். தேர்வுத் தாளில் அது சத்தமே போடவில்லை.

“பாம்பு மாதிரி ஓட்டுங்கண்ணே. மெதுவா இந்தாண்ட, மெதுவா அந்தாண்ட.”

வண்டி இடப்பக்கம் வளைந்தது. முனகல் மெலிந்தது. வலப்பக்கம் வளைந்து எடையெல்லாம் இடது சக்கரத்தில் சாய்ந்தபோது அது நன்றாகத் திரண்டு எழுந்தது. மூன்று தடவை அப்படியே. அப்புறம் டிக்கியின் இடது ஓரத்தில் தகரத்தை ஒரே ஒரு விரலால் தட்டும் ஓசை.

கேளம்பாக்கத்தில் பெண்களை இறக்கிவிட்டு டிக்கியைத் திறந்தான். யாசீன் இரு கைகளையும் அகல விரித்து, வலது உள்ளங்கையை ஒரு சக்கரத்தின் மேல் தகரத்திலும் இடது உள்ளங்கையை இன்னொன்றிலும் ஒட்ட வைத்தபடி மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. தொழுகையில் இருப்பவரைப் பார்த்துவிட்டது போல ஏசுபாதம் ஓரடி பின்வாங்கினான்.

“தகரம் பூரா பேசும்” என்று எழுந்து உட்கார்ந்தார் யாசீன். “காதை நம்பினா நாலு பக்கமும் காட்டும். கைதான் சொல்லும். பின்னாடி, லெப்ட் பேரிங்.”

பொன்னியம்மாள் இரண்டு கட்டுக் கீரையை அவர் மேல் போட்டுவிட்டுப் போனார். “டிக்கில வந்தவனுக்கு” என்றார்.

ராஜகீழ்ப்பாக்கம் திரும்பியபோது ஷரீஃபாவின் மேஜையில் ஒரு பேரிங் எண்ணெய்க் காகிதத்தில் தயாராக இருந்தது. ஏசுபாதம் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“பின்சீட்டுக்காரங்களுக்குக் கேக்குது. ஒரு ஆளாப் போனா கேக்கல. வேற இன்னா இருக்கப் போவுது?” என்றார் அவர் நோட்டை மூடிக்கொண்டே.

“அப்ப ஏன்க்கா இவ்ளோ தூரம் போகணும்?”

பதிலை யாசீன் சொன்னார். “அவ சொன்னா நான் நம்பிடுவேன். வண்டியும் சொல்லணும்ல. அதுவுமில்லாம எந்தப் பக்கம்னு அவளுக்குத் தெரியாது.”

“அது தெரிஞ்சிருந்தா உன்னை எதுக்கு டிக்கில ஏத்தறேன்?” என்றார் ஷரீஃபா.

சக்கரம் கழன்றது. இழுத்து எடுத்த பழைய பேரிங்கை யாசீன் துடைத்து ஏசுபாதத்தின் கையில் வைத்தார். சுற்றிப் பார்த்தான். ஒரு இடத்தில் மணல் கலந்தது போல விரலில் உராய்ந்தது. உள்வளையத்தில், அரிசி முனை அளவுக்கு ஒரு சின்னக் கீறல். அவ்வளவுதான். இத்தனை சின்னது நாலு பேரைப் புகார் சொல்ல வைத்திருக்கிறது, ஒரு கியர்பாக்ஸை இறக்க வைத்திருக்கிறது, ஒரு மனிதரைச் சீட்டிலிருந்து எழுப்பப் பார்த்திருக்கிறது.

அந்தோணிசாமி ஷெட்டுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே அடுப்படியில் டீ போட்டபடி ஷரீஃபா ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற ஏசுபாதத்துக்கு அது சரியாக விழவில்லை.

“சக்கரை அரை ஸ்பூன் போதும்மா” என்றார் அந்தோணிசாமி, திரும்பாமலே.

ஏசுபாதம் பேரிங்கைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவன் ஏன் நிற்கிறான் என்று யாசீனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“ஓட்டறவங்களுக்கு அந்தச் சத்தம் பின்னாடி தங்கிடும் தம்பி. அது மெதுவா ஆரம்பிக்கறப்ப இன்ஜின் முன்னாடி மறைச்சிடும். காதுல விழாது. ஆனா அவருக்கு வேற எங்கயோ விழுந்திருக்கு. முதல்லயே அறுபதுல போங்கன்னு சொன்னேன். அவரு போகல. சரி, இவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு வுட்டேன். நான் டிக்கில ஏறிக் கண்டுபுடிச்சதை அவரு சீட்டுல உக்காந்துகினே மூணு வாரமாக் கண்டுபுடிச்சு வெச்சிருந்தாரு. சொல்லத் தெரியல, அவ்ளோதான்.”

புதுப் பேரிங் ஏறியது. எடைக்கு இந்தத் தடவை ஷரீஃபா பின்சீட்டில் ஏறினார், பக்கத்தில் இரண்டு பழைய கியர்பாக்ஸும் ஏறின. மறுபடி வண்டலூர், மறுபடி அந்தச் சாலை. யாசீன் டிக்கியில் ஏறவில்லை. மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஏசுபாதம் ஊசியைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான். கொளப்பாக்கம் தாண்டி வண்டி வேகம் எடுத்தது. எந்த இடத்தில் ஐம்பத்தைந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கால் எழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஊசி அறுபத்தெட்டில் இருந்தது.

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார் அந்தோணிசாமி, “சத்தம் இல்லன்னு.”

பின்சீட்டில் ஷரீஃபா சிரிப்பை அடக்குவது கண்ணாடியில் தெரிந்தது.

கண்டிகையில் வண்டி நின்றதும் ஏசுபாதம் செல்போனை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான். முதலில் சுப்ரமணியனைக் கூப்பிட்டான். பின்பக்க பேரிங் என்றும், மாற்றிவிட்டோம் என்றும் சொன்னான். “டிரைவர்?” என்றார் அவர். “அப்பாதான் சார் வருவார். அந்த பேரிங்தான் தாமதத்துக்கும் காரணம். நேர்ல வந்து சொல்றேன்.” “ஒரு வாரம் பாப்போம்” என்றார் சுப்ரமணியன். அது போதும். அடுத்து வேதாசலத்தைக் கூப்பிட்டு, வரவேண்டாம், மன்னிக்கவும் என்றான்.

திரும்பி வந்தபோது அந்தோணிசாமி வண்டியில் சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மகன் பேசிய இடத்துக்கும் அவருக்கும் நடுவே இருபது முப்பது அடி இருக்கும். சாலையில் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“யாருடா வேதாசலம்?” என்றார்.

ஏசுபாதம் சொன்னான். முழுவதையும் சொன்னான், சரி சார் என்று சொன்னது உட்பட. அந்தோணிசாமி டீயைக் கடைசி வரை குடித்துவிட்டு டம்ளரைக் கடையில் வைத்தார். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“ஏறு” என்றார். “நாளைக்கு அஞ்சரைக்கெல்லாம் கெளம்பணும்.”